வலப்பக்கத்தாருக்கு வழிவிடு

பீவர்ட்டனில் மழை. இரவு இரண்டே கால்.
அறுபத்து நான்கு செயலிகளும்
பேச்சை நடுவில் விட்டு ஊமையாயின.
எதுவும் கருகவில்லை, எந்த விளக்கும் அணையவில்லை.
மின்விசிறிகள் மட்டும்
என்னவோ நடக்கிறமாதிரி சுற்றிக்கொண்டிருந்தன.

பூன்மி சிசாவத் அலமாரிக்குப் பின்னால் புகுந்து
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வடங்களையும்
ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான்.
எல்லாம் அவன் கைப்பட மாட்டியவை.
"கம்பி சரியாயிருக்கிறது, லோர்னா."
அப்படியானால் தப்பு என்னுடையது.

ஒவ்வொரு செயலிக்கும் ஆறு இலக்க முகவரி,
எல்லாம் சுழியும் ஒன்றும்.
ஓர் இலக்கம் மாறினால் அண்டை வீடு.
ஆறும் மாறினால் உலகத்தின் மறுகோடி,
அதுவும் ஆறே தாவல்.
முன்பொருநாள் இதைச் சொன்னபோது
பூன்மி விரல்விட்டு எண்ணினான்:
துலூஸில் இருக்கும் அண்ணனுக்குக் கடிதம் போய்ச் சேர
பதினொரு நாள்.

அச்சுத்தாளை மேசையில் விரித்தேன்.
நான்காம் செயலி ஐந்துக்குப் போகும் வழியைப் பிடித்துக்கொண்டு
ஏழுக்குப் போகும் வழி கேட்கிறது.
ஐந்து அந்த வழியைப் பிடித்துக்கொண்டு ஆறைக் கேட்கிறது.
ஏழின் கையில் ஆறு, அதற்கு வேண்டியது நான்கு.
ஆறின் கையில் நான்கு, அதற்கு
வேண்டியது ஐந்து.
யாரும் திருடவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை.
பிடித்ததை விடாமல், கேட்டது கிடைக்காமல்,
பொழுது விடியும்வரை காத்திருக்கும் பொறுமை.

'எந்த வழி காலியோ அதில் போ.'
நான் எழுதிய விதி.
அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

நாலரைக்கு அதை அடித்தேன்.
கடைசி இலக்கத்தை முதலில் திருத்து,
பிறகு அதற்கு இடப்பக்கத்தது,
பக்கத்து வழி வெறிச்சோடிக் கிடந்தாலும்
உன் வரிசையை மாற்றாதே.
ஓடியது.
முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக,
ஆனால் நிற்காமல்.
மகிழ்ச்சி வரவேண்டிய இடத்தில்
எனக்குப் பசி வந்தது.

பூன்மியை வீட்டில் விடப் போகையில்
அந்த நாற்சந்தி.
நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை,
நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு வண்டி.
வலப்பக்கத்தாருக்கு வழிவிடு என்கிறது சட்டம்;
நால்வருக்குமே வலப்பக்கம் ஒருவர் இருந்தார்.
நீங்கள் போங்கள் என்று அவர் கை காட்ட,
இல்லை நீங்கள் என்று நான் காட்ட,
எதிர்க்காரில் இருந்த பெண்மணி
இருவருக்கும் சேர்த்துக் காட்ட,
துடைப்பான்கள் ஆளுக்கொரு தாளத்தில் அடித்துக்கொண்டன.

பூன்மி என்னைப் பார்த்தான்.
நான் சிரிப்பை அடக்கினேன்.

நான்காவது ஒரு ரொட்டி வண்டி.
ஓட்டுநர் எதையோ மென்றுகொண்டிருந்தார்,
எங்கள் கைகள் எதையும் கவனிக்கவில்லை,
போய்விட்டார்.

பிறகு நாங்கள் மூவரும்,
ஒவ்வொருவராக,
கொஞ்சம் வெட்கத்தோடு.