சுற்றுக்கு ஆறு

நிரோஜன் தம்பி, செருப்பைக் கழற்ற வேணாம்.
மிதிக்கத்தான் பின்னுறது.
திராய்மடு மணல் உள்ளுக்கு வந்தா
கூட்டுறது நான்தானே.

இண்டைக்குச் செவ்வாய் எண்டு தெரியும்.
நீங்க மோட்டச்சைக்கிளை முருங்கைக்குக் கீழ நிப்பாட்டுற
சத்தத்துக்கு எங்கட கோழியும் பழகிட்டு.
காசு குறைவு. அதை முதலே சொல்லிட்டன்.
மறுகா இந்தக் கதிரையில இருந்து
காலுக்குக் கீழ கிடக்கிறதைப் பாருங்க.

நடுவில ஊதா, தெரியிதா?
மகளிர் தினத்துக்கு உங்கட கம்பனி தந்த டீசேட்.
நெஞ்சில எழுதின 'நம்பிக்கை'
எனக்கு வயித்துக்கு வந்திச்சி, அவ்வளவு பெரிசு.
அடியில இருந்து கக்கம் மட்டும்
ஒரே நாடாவா வெட்டினன்,
தோடம்பழத் தோலை அறுக்காம உரிக்கிற மாதிரி.
இழுத்துவிட, தன்னால சுருண்டு கயிறாப் போச்சி.
'நம்பி' ஒரு சுற்றில,
'கை' வேற எங்கயோ.

ஊசி கடையில இல்ல.
பஸ் ஸ்டாண்டடியில கேட்டா
லேஸ் பின்னுற ஈர்க்கு ஒண்டைக் காட்டுறான்.
ஓடாவி பேரின்பம் முதிரைத் துண்டொண்டை
பெருவிரல் மொத்தத்துக்குச் சீவி
மூக்கில ஒரு வெட்டுப் போட்டுத் தந்தார்.
கூலி, சீனி போடாத தேத்தண்ணி.

ஆறு கண்ணில தொடக்கம்.
அடுத்ததில பன்னிரண்டு, மறுகா பதினெட்டு.
சுற்றுக்கு ஆறு கூட்ட வேணும், அதுதான் சட்டம்.
குறைஞ்சா விளிம்பு எழும்பி
சோத்துக் கோப்பை ஆகிடும்.
கூடினா கல்லடிக் கடல் மாதிரி அலையெடுக்கும்,
ஒரு நாளும் தட்டையாக் கிடவாது.
மூணு தரம் பிரிச்சன்.
பிரிக்கிறது லேசு, தம்பி,
நுனியைப் பிடிச்சி இழுத்தாப் போதும்
ஒரு கிழமை வேலை ஒரு மூச்சில அவிழும்.
உங்கட கொப்பியில கூட்டினதை
அப்படி இழுக்க ஏலாது.

பச்சை, எலக்சன் டீசேட்.
ஆர் எண்டு கேக்காதிங்க.
மீசை ஒரு சுற்றில, சிரிப்பு இன்னொண்டில.
நீலம், இவர் கட்டாரில போட்ட ஓவரோல்.
கத்தரிக்கோல் அதிலதான் மொட்டையாப் போச்சி.
வெள்ளை, சின்னவன்ட பள்ளிக்கூடச் சேட்,
மைக்கறை பட்ட பக்கம் மேல வந்திட்டு.
தேவகி அக்கா தந்த சீலையை
வெட்ட எனக்கு மனம் வரல்ல.
அவவே பல்லால கடிச்சிக் கிழிச்சித் தந்தா.

மஞ்சள்,
அது சுபாஜினி.
அஞ்சு பேர் குழுவில அஞ்சாவது கையெழுத்து.
தம்மாமுக்குப் போய் எட்டு மாசம்,
போன் எடுக்கிறாள் இல்ல.
அவளுக்கும் சேத்து நாங்க நாலு பேர் கட்டுறம்,
அது உங்களுக்குத் தெரியும்.
அவள்ட வீட்டுக்குப் போனம், ஆரையாவது ஏச.
கதவு பூட்டு.
கோடிப்பக்கம் ஓட்டுக்குக் கீழ ஒரு உரப்பை,
அதுக்குள்ள மடிச்சி வெச்ச சட்டை இரண்டு.
எடுத்துக்கொண்டு வந்து
கொதியிலதான் வெட்டத் தொடங்கினன்.
நல்ல பருத்தி. நூல் பறக்கல்ல.
மற்றத் துணியெல்லாம் இழுபட்டுக் கோணின இடத்தில
அவள்ட மஞ்சள்தான் விளிம்பைப் பிடிச்சி வெச்சிருக்கு.
எனக்கு அது பிடிக்கல்ல.
பிரிச்சிப் பாத்தன், கோணிச்சி.
திரும்பவும் வெச்சிப் பின்னினன்.

என்ன, விலை கேக்கிறீங்களா?
உங்கட அம்மாவுக்கோ?
இந்தக் கிழமைத் தவணை எவ்வளவோ
அதுதான் விலை.
சிரிக்காதிங்க.

இன்னும் முடியல்ல இது.
பாருங்க, ஊசி கண்ணுக்குள்ளயே கிடக்கு,
கடைசி முடிச்சிப் போடல்ல.
மஞ்சள் இன்னும் அரைப்பந்து இரிக்கி.

காலைக் கொஞ்சம் எடுங்க, தம்பி.
இந்தச் சுற்றில
நாலு கூட்டக் கிடக்கு.