ஒரு பூஜ்யம்

பாலாற்றுப் பாலத்தின் காட்பாடி முனையில்
ஸ்கூட்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு
கைப்பிடிச் சுவரில் என் நோட்டை விரித்து
முதல் வரியை வாசித்தாள் ஷாகிரா:
"செத்துப்போன ஆற்றின் மீது நிற்கிறேன்."
"போஸ்ட்மார்ட்டம் யார் பண்ணினது?" என்றாள்.

கீழே நகரத்துச் சாக்கடை
மணலைக் கீறிக்கொண்டு போயிற்று.
அந்தக் கறுப்புக்குள்
சிவந்த குச்சிக் கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள்.
எண்ணச் சொன்னாள். முப்பத்தேழு.
"முப்பத்தேழு பேர் சாப்பிடற எடத்த
சுடுகாடுங்கற.
நல்லாருக்குன்னு சொல்லல.
பாத்தியான்னு கேக்கறேன்."

என்னைவிட ஆறு வயது கூட.
மேல்விஷாரத்துப் பக்கம்
தோல் கழிவுநீர் சுத்திகரிக்கிற இடத்தில்
ஆய்வக வேலை.
விரல்களில் மருதாணி, அதற்கு மேல் அமில வாசம்.
கவிதை பிடிக்காது.
நான் எழுதுவதைக் கரண்ட் பில் போலப் படிப்பாள்.
'எழில்' போகும். 'மௌனமாய்' போகும்.
'ஏக்கத்தோடு கூவிய ஆள்காட்டி'யில் பேனா நிற்கும்.
"அதுக்கென்ன ஏக்கம்?
ஒன் செருப்பு முட்டைக்கு நாலடியில இருக்கு, கத்துது."
குனிந்தேன்.
கூழாங்கல் நிறத்தில் நான்கு.
அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது வானத்தை.

புரட்டாசியில் அவள் வேலை செய்யும் ஓடையைப் பற்றியே எழுதினேன்.
பயந்துகொண்டுதான் கொடுத்தேன்.
வெய்யிலில் நின்றபடி படித்து முடித்து
ஒரேயோர் எண்ணைச் சுழித்தாள்.
உப்பின் அளவு: இருபத்தெட்டாயிரத்து நானூறு.
கடைசிப் பூஜ்யத்தை அடித்தாள்.

சம்பளம் பேசுகிறது என்று நினைத்தேன்.
நினைத்ததை அவளிடம் சொல்லவும் செய்தேன்.
அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.
கண்ணாடி இறங்கிய பிறகு
முகம் தெரியவில்லை.

மூன்று வாரம் போன் எடுக்கவில்லை நான்.
அவளும் அதிகம் கூப்பிடவில்லை.
பிறகு கல்லூரியில் ஒரு மீட்டரை இரவல் வாங்கி
விஷாரம் பஸ்ஸில் போய் இறங்கினேன்.
மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு
ஓடையில் மூன்று இடத்தில் முக்கினேன்.
இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.
மூன்று இடத்திலும்.
பழைய நோட்டைப் புரட்டினால்
அந்தப் பூஜ்யம் என் கையெழுத்து.
கோபத்தில் எழுதிய பக்கம் அது,
பேனா தாளைக் கிழித்திருந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனபோது
கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.
நான் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை
முடிக்க விடவில்லை.
"ரெண்டாயிரத்து எண்ணூறுல கெணறு கெடாதா?
பூஜ்யம் சேத்தாதான் வலிக்குமா ஒனக்கு?"
பாதி டீயை என் பக்கம் தள்ளினாள்.
கட்டுரை வந்தது, சரியான எண்ணோடு.
அவள் மேலாளர் அவளிடம் என்ன கேட்டார் என்று
இன்றுவரை சொன்னதில்லை.

இப்போது கான்பூரில் இருக்கிறாள்.
அங்கும் தோல், அங்கும் ஓர் ஆறு.
மாதம் ஒருமுறை எழுதினால் அதிகம்.
ஒருமுறை நதிக்கரை நாரை ஒன்றை அனுப்பி
பெயர் கேட்டாள்.
அது நாரையில்லை, கொக்கு என்றேன்.
இரண்டு நாள் வாதாடிவிட்டு
"சரி, நீ ஜெயிச்ச" என்று அனுப்பினாள்.
அந்த வரியை நான் அழிக்கவில்லை.

இன்று காலை பாலத்தில் எண்ணினேன். நாற்பத்தொன்று.
ஆற்காடு பஸ் ஹாரன் அடித்தது,
எல்லாம் எழும்பி ஒரு வட்டம் போட்டு இறங்கின.
மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பது.
எதை எழுதுவது?
இரண்டையும் எழுதினேன்,
நடுவில் ஹாரனையும்.