நாலு எல்போ

ஒன்பது பேர், ஒரு வேன்.
ஓட்டி வந்தது மேலப்பாளையம் நைனா முகமது.
பறம்பு விலக்கில் இறங்கியதும்
செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.
உடைமுள் கிடக்கும் என்றேன்.
பூமியைக் காலால் கேட்க வேண்டுமாம்.

முன்னால் வந்த அம்மா பேர் ஹரிப்பிரியா.
வேன் பானட்டில் வரைபடத்தை விரித்து
மூலைக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்தாள்.
பாபநாசத்திலிருந்து கொற்கைக்குச்
சிவப்பு மையில் ஒரு கோடு,
கழுகுமலையிலிருந்து இறங்கி வரும் இன்னொன்று.
"ரெண்டும் வெட்டிக்கிற இடத்துல
மண்ணுக்கு நாடி துடிக்கும்.
இந்த ஊர்தானேண்ணா?"

இந்த ஊர்தான்.
இருபத்தாறு வருசமாக வால்வு திறக்கிறேன்.
ஆற்றில் உறைகிணறு, கரையில் பம்ப் ரூம்,
ஆறு மணிக்கு மேலூர், எட்டுக்குக் கீழூர்.
மண்ணுக்கடியில் எது எங்கே போகிறதென்று
என்னிடம் வரைபடம் கிடையாது,
குதிகால் இருக்கிறது.

இரண்டு கையிலும் செம்புக் கம்பி பிடித்து
கண்ணை அரைவாசி மூடி நடந்தாள்.
வேலிக்காத்தான் தாண்டி, ஆட்டுப் புழுக்கை தாண்டி,
பீடத்துச் சுடலைக்கு முன்னால்
கம்பிகள் மெல்ல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன.
ஈரோட்டுக்காரர் ஒருவர் அழுதேவிட்டார்.

எட்டு இஞ்சு காஸ்ட் அயர்ன் பைப் அது.
சொல்ல வாயெடுத்தேன்.
நைனா முழங்கையால் இடித்தான்:
"சும்ம இரும்வே. அழுத மனுசனப்
பாதியில நிறுத்தப்பிடாது."

கோட்டைப் பிடித்தபடி கிழக்கே போனாள்.
பனை ஒன்று, பனை இரண்டு.
மொட்டைப் பனைக்கு இப்பால்
கம்பிகள் சட்டென்று விலகிக்கொண்டன.
நேரே நடந்தாள், ஒன்றுமில்லை.
இடது பக்கம் நாலடி வைத்தாள், சேர்ந்தன.
"இங்க வளையுது," என்றாள்.
குரலில் பிராது.
"வளையக் கூடாதே."

கம்பிதான் திரும்பியதோ,
நான் பார்த்த பக்கம் அவளும் பார்த்தாளோ,
தெரியாது.

அப்போது நான் வால்வுக்காரன் இல்லை, பள்ளம் தோண்டுகிற கூலி.
இந்த இடத்தில் என் கடப்பாரை
மண்ணுக்கு உரிய சத்தம் தரவில்லை.
கையால் அள்ளிப் பார்த்தால் கறுப்பும் சிவப்புமாக
ஒரு வாய், கட்டைவிரல் தடிமன்.
உள்ளே மண். மண்ணில் ஒரு கிண்ணம்.
கிண்ணத்தில் உமி.
கொஞ்சம் தள்ளி ஒரு தாடை,
அதில் பால்பல் நாலு.

ஓவர்சியர் ஞானதிரவியம் பைக்கை விட்டு இறங்கினார்.
ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.
எழுதிப் போட்டால் ஆறு மாசம் வேலை நிற்கும்,
கீழூரில் உப்புத் தண்ணி குடிக்கிறார்கள்,
எழுதாவிட்டால்?
நெடுநேரம் கழித்துச் சொன்னார்:
"மூடு கொம்பையா. நாலடி தள்ளிப் போவோம்."

தள்ளிப் போய்த் திரும்பி வர நாலு எல்போ.
பில்லில் காரணம் கேட்கும் கட்டத்தில்
'பாறை' என்று எழுதினார்.

வளைவு கூடினால் வேகம் குறையும்.
கீழூர் பெண்கள் இன்றைக்கும் குடத்தை நங்கென்று வைத்து
"வால்வுல என்னத்தவே அடச்சு வச்சிருக்கீரு?"
என்று கேட்பார்கள். கேட்டுக்கொள்வேன்.

ஹரிப்பிரியா அந்த நாலடிக்குள்
வெறுங்காலோடு நின்றிருந்தாள்.
கம்பிகள் இரண்டும் கீழே தொங்கின.
"அடியில என்னண்ணா இருக்கு?"

"பாறை," என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு பேனாவைத் திறந்து
நேர்கோட்டின் நடுவில்
உளுந்து அளவுக்கு ஒரு நெளிவு போட்டாள்.

ஈரோட்டுக்காரர் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார்.
மணி எட்டேகால் ஆகிவிட்டது.
ஓடிப்போய் வால்வைத் திறந்தேன்,
பதினோரு சுற்று,
கடைசிச் சுற்று எப்போதும் போல இறுக்கம்.