நிலுவை

கடன் கணக்கு ஆப்புக்கு இனி
மாசம் தொண்ணூத்தொம்பது ரூபாயாம் வே.
பேரே ஆப்பு, அப்பவே தெரிஞ்சிருக்கணும்.
நயினார்குளம் மார்க்கெட் முழுக்க இதே பேச்சு:
நாலு வருசம் சும்மா குடுத்துப் பழக்கிட்டு
இப்போ கழுத்தப் பிடிக்கான், வடக்கன்குளத்துப் பய.

போனைப் போட்டு ஏசினேன்.
இசக்கிப்பாண்டி பிடுங்கி
அவன் அம்மையையும் சேர்த்து ஏசினான்.
அந்தப் பக்கம் மிக்சி ஓடுற சத்தம்,
அப்புறம் 'சரி அண்ணாச்சி'.

ராத்திரி நோட்டு வாங்கி
கடன்காரன் பேரெல்லாம் கையால எழுதினேன்.
அறுபதாவது பேருல விரல் மரத்துட்டு.

ஒண்ணாந்தேதியானா அவங்களுக்கு
எனக்காக அது அனுப்பும்:
'அன்புள்ள ஐயா, தங்கள் சிறு நிலுவை…'
நான் யாருக்கும் எழுதாத மரியாதை.

இன்னைக்கு எனக்கு வந்திருக்கு.
சேனைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால போய் வாசிச்சேன்.
அந்தச் 'சிறு'கூட மாறல.