பதினாலாம் கேள்வி

ஆங்கிலத்தில் அது ஒரே சொல். எட்ஜி.
அகராதியில் நாலு பொருள்:
கூரான ஓரம் உடையது.
சட்டெனத் திடுக்கிடுவது, எரிந்து விழுவது.
கோடுகள் துருத்தித் தெரியும் ஓவியம்.
நாலாவது புதுப்பாணி. அதைக்
கிளிநொச்சிச் சலூன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள்,
ஒரு பக்கம் மழித்த பெடியனின் தலைக்குக் கீழே,
விலையோடு.

எங்களுக்கு வந்தது ரெண்டாவது.
கொழும்பில் இருந்து, படிவமாய்:
'விளிம்பில் இருப்பதாக உணர்கிறீர்களா?'
ஒருபோதுமில்லை சுழியம், எப்போதும் மூன்று.
மல்லாவிக் கிளினிக்கில் வாசித்துக் கேட்கிறவள் நான்.

புவனமலர் கொஞ்சம் யோசித்தா.
"எந்த விளிம்பு தங்கச்சி, குளக்கட்டோ?
வவுனிக்குளம் வான் பாயேக்க
ஓரத்தில நிண்டு பாத்தனான். பயமில்லை."
சுழியம் போட்டேன்.

அடுத்த பக்கம் திருப்ப முதல்
"ஆனா குக்கரை மூண்டாம் விசிலுக்கு விடுறேல்லை" என்றா.
"ரெண்டோட நிப்பாட்டிப்போடுவன்.
பிள்ளையள் அரை அவியல்தான் தின்னுதுகள்.
முறுமுறுத்த சின்னவனுக்கு
அகப்பையால போட்டும் விட்டன்.
அதுக்கு உதில கேள்வி இருக்கோ?"

இருந்தது. இப்போதுதான் தாண்டி வந்தோம்.

பதற்றம் என்று கேட்கலாம்;
அது வானொலியில் எல்லைகளில் நிலவுவது.
எரிச்சல் என்றால் மிளகாய், புண், கண்.
பதகளிப்பு கிட்ட வந்தது,
ஆனால் பஸ்ஸைப் பிடித்தவுடன் அது போய்விடும்.
விசர் என்று வாய் திறந்திருந்தால்
படிவம் என் முகத்துக்கு வந்திருக்கும்.

"அந்தரமா இருக்கோ அக்கா?"

மடியில் இறுக்கியிருந்த பையை
நிலத்தில் வைத்தா.
"அந்தரம்தான். எந்த நேரமும்."
சுழியத்தை வெட்டி மூன்று எழுதினேன்.

பின்னேரம் கொழும்பில் இருந்து மெயில்:
அந்தரம் என்றால் ஆகாயம் அல்லவா?
பொருள் பிழை. விளிம்பு என்றே கேட்கவும்.

விளிம்பில் நிற்கிறவளுக்குக்
காலுக்கடியில் அரைச் சாணாவது நிலம் உண்டு
என்று தட்டினேன்.
அழித்தேன். திரும்பத் தட்டினேன்.
இடது கை பேனாத் தலையை
அமத்தி அமத்தி விட்டுக்கொண்டிருந்திருக்கிறது,
எனக்குத் தெரியாது.

"உதை நிப்பாட்டும் பிள்ளை!"
என்று கத்தினார் மருந்து கொடுக்கும் கோணேசலிங்கம்.
ஒரு நாளும் கத்தாத மனிசன்.
தன் சத்தத்தில் தானே துள்ளி,
கதவைப் பார்த்து,
என்னைப் பார்த்து,
தட்டில் எண்ணி வைத்த குளிசைகளை
ஒன்று என்று
முதலில் இருந்து எண்ணத் தொடங்கினார்.