அண்டாவடி

அறுநூற்று நாற்பது உயிரியல் புத்தகம்.
அறுநூற்று நாற்பது ஒட்டுத்தாள்.
இரண்டு நாள் வேலை, மணிக்குப் பதினொரு டாலர்.
அலபாமாவில் ஆகஸ்ட்.
பள்ளி நூலகத்து ஏசி
இருமி இருமி நின்றே விட்டது.

முன்னட்டையின் உட்புறம்,
முத்திரைக்குக் கீழே,
கோணாமல் ஒட்டச் சொன்னார்கள்:
'இதில் வரும் பரிணாமம் சிலரின் கருத்து.
உயிர் தோன்றியதைப் பார்த்தவர் எவருமில்லை.'

வாரியத்தில் நாலுக்கு மூன்று.
நாலில் ஒருவர் எங்கள் சபையின் டீக்கன் ஹார்லன்.
மூன்றில் ஒருத்தி என் நாத்தனார் ரொவீனா.
ஒரே பாட்டுப் புத்தகத்தை
ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பாடியவர்கள்.
வாக்கெடுப்புக்குப் பிறகு அந்த பெஞ்சில்
இருவருக்கும் நடுவே
ரொவீனாவின் கைப்பை உட்கார்ந்திருக்கிறது.

பிரூவிட் வாத்தியார் வந்தார்.
சண்டை போடுவார் என்று நினைத்தேன்.
'ஒன்பதாம் பாடத்தை எப்போதும் போலத்தான் எடுப்பேன், வெர்லீன்.
நீ ஒட்டுவதை ஒட்டு' என்றார்.
போகும்போது மின்விசிறியை
என் பக்கம் திருப்பிவிட்டுப் போனார்.

நான் விசுவாசிதான்.
அதை யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை.
முந்நூறாவது புத்தகம் கை நழுவி
ஒன்பதாம் பாடத்தில் திறந்து விழுந்தது.
சதுப்புக் காடு. உயர உயர மரங்கள்.
பட்டை முழுக்கப்
பல்லித் தோல் மாதிரிச் செதில்.

அந்தப் பட்டையை எனக்குத் தெரியும்.

மூன்றாம் எண் சுரங்கத்தில்
அதற்கு அண்டாவடி என்று பெயர்.
நிமிர்ந்து பார்த்தால் கூரையில் ஒரு வட்டம்,
கவிழ்த்த அண்டாவின் அடியைப் போல.
நின்ற வாக்கில் கல்லாகிப்போன மரத்தின் அடித்தூர்.
சுற்றிலும் கரித்தோல், எண்ணெய் வழுக்கல்,
கூரைக்கும் அதற்கும் ஒட்டே கிடையாது.
முனகாது. மண் உதிராது.
வரும்போது வரும்.

என் தம்பி ஆர்லிஸ்
சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.

அழைப்பு வந்தது, போனான்
என்றார் பாஸ்டர்.
சுரங்க ஆய்வாளர் தாளில் எழுதியது வேறு:
'விழுந்த பொருள்: மரப் புதைபடிவம்.
விட்டம் இருபத்தெட்டு அங்குலம்.
வயது ஏறத்தாழ முப்பத்தொரு கோடி ஆண்டு.'
அதற்கடுத்த கட்டத்தில்
'இறந்தவர் வயது: முப்பத்து நான்கு.'

அந்தத் தாளில் யாரும் எதையும் ஒட்டவில்லை.
சிலரின் கருத்து என்று யாரும் சொல்லவில்லை.
நான் கையெழுத்துப் போட்டேன்.
சாட்சிக் கையெழுத்து டீக்கன் ஹார்லன்.
நஷ்டஈடு வந்தது.
ஆர்லிஸின் பெண்ணுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டினோம்.

மூன்றாம் நாளில் மரங்களைப் படைத்தார்.
சரி.
அவன் மேல் விழுந்தது
எந்த நாளின் மரம்?

பாடத்தை முழுக்கப் படித்தேன்,
கணக்கில் வராத இருபது நிமிடம்.
சேறு மூடியது இருக்கிறது,
மரம் கல்லானது இருக்கிறது.
ஏன் அந்த வியாழக்கிழமை,
ஏன் அவன் குனிந்த நேரம், அது இல்லை.
பாஸ்டரிடமும் இல்லை.
அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும்
கைவிரித்தார்கள்.

மிச்சத்தையும் ஒட்டி முடித்தேன்.
கூலி வாங்கினேன்.
ஒன்று மட்டும் கோணிப்போயிற்று,
வேண்டுமென்று இல்லை,
இல்லை என்றும் சொல்ல முடியாது.
அக்டோபரில் ஆர்லிஸின் பெண்
ஒன்பதாம் பாடத்துக்கு வருவாள்.
எந்தப் பிரதி அவளுக்குப் போகுமோ.

ஞாயிறு, திருவிருந்து.
டீக்கன் ஹார்லன் தட்டை நீட்டினார்.
எத்தனை சோப்புப் போட்டும்
போகாத பசை கட்டைவிரலில்.
அப்பத் துணுக்கு அதில் ஒட்டிக்கொண்டது.
வாய்க்குக் கொண்டுபோனேன், வரவில்லை.
உதறினேன், விழவில்லை.
அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.
கடைசியில்
பல்லால் சுரண்டித்தான் எடுத்தேன்.