நடுவிலுள்ள தொண்ணூறு

நீந்த ஏரி இருக்கிறது; யாரும் கட்டணம் கேட்பதில்லை.
ஓட இரண்டு கால், தேய்ந்த ஒரு ஜோடிக் காலணி.
நடுவிலுள்ள தொண்ணூறு கிலோமீட்டரைத்தான்
காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

பிஸ்கட் டப்பாவில் ஆறு லட்சம் பேசோ.
லட்சம் என்றதும் கண்ணை விரிக்காதீர்கள்.
வில்லாரிக்காவில் ஒரு கிலோ ரொட்டிக்கே
இரண்டாயிரம் எண்ணி வைக்க வேண்டும்.
இரவெல்லாம் அந்த ரொட்டியைச் சுடுகிறவள் நான்.
டப்பாவைத் திறந்தால் நோட்டில் மாவு வாசனை.

தெமுக்கோவில் பெரிய கடை.
கண்ணாடிக்குப் பின்னால்
கத்தியை நிமிர்த்தி நிறுத்தியதுபோல் ஒன்று நின்றது.
ஒயர் தெரியவில்லை, திருகாணி தெரியவில்லை,
விலை மட்டும் தெரிந்தது: நாற்பது லட்சம்.
"முப்பத்தாறு தவணையில் தரலாம், செனோரா."
மிதிப்பது நான்,
எல்லைக் கோட்டில் எனக்கு முன்னால் நிற்பது வங்கி.
நன்றி சொல்லிவிட்டு
பஸ் ஏறினேன்.

அப்புறம் லிகான் ராயில் ஒரு பல் டாக்டர்,
ரெய்னால்தோ பாஸ்குர்.
கார்பன் சட்டம், நீட்டிய கைப்பிடி, எல்லாமே இருந்தது.
ஐந்து லட்சத்து எண்பதாயிரம்.
"இரண்டே இரண்டு முறைதான் ஓட்டினேன்."
எல்லாரும் இரண்டு முறைதான் ஓட்டுகிறார்கள்.

மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்.
நான் நூறு பேசோ நாணயத்தை எடுத்தேன்.
மேல் குழாயில் தட்டினேன்: டிங்.
முன் கவட்டில்: டிங்.
இருக்கைக் கம்பியின் அடியில்: டிங்.
பெடல் அச்சுக்கு ஒரு சாண் மேலே
அழகான ஒரு ஸ்டிக்கர்.
அதன்மேல்: டொக்.

மறுபடி தட்டினேன். டொக்.
தோட்டத்து நாய்கூட நிமிர்ந்து பார்த்தது.

டாக்டர் என் கையிலிருந்து நாணயத்தை வாங்கினார்.
குனிந்தார். காதை வைத்தார்.
இங்கே வலிக்கிறதா, இங்கே, என்று
வாழ்நாள் முழுக்கப் பிறர் வாயில் தட்டியவர்
தன் சொத்தையைத் தானே கண்டுபிடித்தார்.
முகம் வெளுத்துவிட்டது.
"போன ஞாயிறுகூட இதில்தான்
எரிமலைச் சரிவில் இறங்கினேன்,
எழுபது கிலோமீட்டர் வேகத்தில்."

இரண்டே முறை என்றதை அவர் மறந்துவிட்டார்.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.
ஸ்டிக்கரை ஒட்டியது யார் என்று கேட்கவும் இல்லை.
எனக்குத் தண்ணீர் கொடுத்தார். கை நடுங்கியது.

கடைசியில் லோன்கோச்சேயில்
தபால்காரி எதித் பாயியாலெஃபின் கொட்டகையில்
அலுமினியம்.
சாதாரணச் சாலை சைக்கிள், நீலம் உரிந்து
சங்கிலிப் பக்கம் சாம்பல் நிறமாயிருந்தது.
கார்பன் கனவுக்கு முன்னால்
கல்யாண வீட்டில் பள்ளிச் சீருடையோடு வந்த பிள்ளை.
ஏறி உட்கார்ந்தேன்.
முழங்கால் மடங்கவேண்டிய இடத்தில் மடங்கியது,
கை எட்டவேண்டிய இடத்துக்கு எட்டியது.
நாற்பது லட்சத்தில் ஏறிப் பார்க்க
யாரும் என்னைக் கேட்கவே இல்லையே
என்பது அப்போதுதான் உறைத்தது.

மாவு மூட்டையின் காகிதத்தில் கணக்கு:
சைக்கிள் மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.
மேலே பூட்டும் நீள் கைப்பிடி நாற்பத்தைந்து.
டயர் இரண்டும் அறுபது.
போட்டிக் கட்டணம் ஒன்றரை லட்சம்
(இதை எப்படி மறந்திருந்தேன்?).
மிச்சம் முப்பத்தைந்தாயிரம்.
அது தலைக்கு.
தலைக்கவசத்தில் மட்டும் பேரம் பேசவில்லை.

இன்று வேலை முடிந்து விடியலில்
தொல்தேன் பாலம்வரை ஓட்டிப் போனேன்.
ஏரியிலிருந்து காற்று;
அதற்கு என் பட்ஜெட் தெரியாது,
எல்லாரையும் ஒரே மாதிரி அறைகிறது.
முழங்கையை ஊன்றி, தாடையை இறக்கி,
முதுகைத் தாழ்த்தினேன். காற்று கொஞ்சம்
தலைக்கு மேலே போனது.
குனிய யாரும் பில் போடுவதில்லை;
கழுத்துதான் வலிக்கிறது.

கத்தி ஒன்று என்னைத் தாண்டிப் போனது,
விர்ரென்று,
மேலே நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு மனிதரோடு.
துரத்தவில்லை. துரத்தினேன், கொஞ்ச தூரம்.

மூன்றாவது பல்சக்கரத்தில் மட்டும்
சங்கிலி இன்னும் இருமுகிறது.
போட்டி ஜனவரியில்.
பார்க்கலாம்.